கொடியில் காய்ந்த எண்பத்து மூன்று சீடிகள்

எங்கள் வீட்டுப் படலையைத் தட்டிய கடற்படைக்காரர் இரண்டு பேரும் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலால் கிணற்றடிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நானும் திரும்பிப் பார்த்தேன்.

உடுப்புக் கொடியில் எண்பத்து மூன்று சீடிகள் தொங்கின. நடுத்துளைக்குள்ளால் நூல் கோத்து, ஒன்றோடொன்று முட்டாமல் இடைவெளி விட்டு, மிகுந்த கவனத்தோடு நான்தான் கட்டியிருந்தேன். காலை பத்து மணி வெயில். துறைமுகப் பக்கமிருந்து நல்ல காற்று. எண்பத்து மூன்றும் சுழன்று சுழன்று மின்னின.

"ஐயா," என்றார் இருவரில் மூத்தவர். தமிழ் கொஞ்சம் தெரிந்தவர். "அங்க மேல எங்கட கேம்ப். அங்க இருந்து பாத்தா இங்க லைட் அடிக்குது. விட்டு விட்டு அடிக்குது. இது யாருக்கு?"



கப்பல் ஏஜென்சி ஒன்றில் இருபது வருடம் கிளாக்கராக இருந்தவன் நான். கப்பலுக்குக் கப்பல் விளக்கை மறைத்து மறைத்துக் கதைப்பதைக் கந்தோர் யன்னலால் பார்த்துக்கொண்டே தேத்தண்ணி குடித்தவன். திருகோணமலை முழுவதும் தேடினாலும், மலையிலிருக்கிற காவலரணைப் பார்த்து எண்பத்து மூன்று கண்ணாடிகளைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டு, தெரியாமல் செய்தேன் என்று சொல்ல என்னைவிடத் தகுதி குறைந்த ஆள் கிடைத்திருக்கமாட்டான்.

வாயைத் திறந்தேன். வந்தது ஒரே ஒரு சொல்.

"காகம்," என்றேன்.

அவர்கள் அங்கேயே நிற்கட்டும். நான் எப்படி இந்த நிலைக்கு வந்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

வெறும் றாக்கை

சண்டை ஓய்ந்திருந்த அந்தச் சில வருடங்களில் வெளிநாட்டுச் சொந்தங்கள் ஆள்மாறி ஆள் வந்து போனார்கள். மற்றவர்களுக்குச் சொக்கிலேற்றும் வாசனைச் சவர்க்காரமும் கிடைத்தன. நான் சீடி கேட்டு வாங்கினேன். பழைய பாட்டு, நாதஸ்வரம், வயலின், கொஞ்சம் ஹிந்தி. எல்லாம் அவரவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் கொப்பி பண்ணியவை. மேலே மாக்கர் பேனையால் பெயர் எழுதியிருக்கும். அவற்றை அடுக்கவென்று தச்சரிடம் சொல்லி மரத்தில் ஒரு றாக்கை செய்வித்தேன். வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க முதல் றாக்கையைக் காட்டுவேன்.

அதில் ஒரு சீடியில் மட்டும் 'வதனி' என்று எழுதியிருந்தது.

வதனி என் மனைவி. ஆரம்பப் பாடசாலை ரீச்சர். கலியாணத்துக்கு முந்தி, ஊர் மண்டபத்தில் நடந்த கலைவிழா ஒன்றில் அவ பாடிய பாட்டு அது. சவுண்ட் சேர்விஸ்காரர் கசெட்டில் பிடித்துக் கொடுத்தது. கனடாவில் இருக்கிற அவவின் அண்ணன் ஒருமுறை வந்தபோது கசெட்டைக் கொண்டுபோய், சீடியாக்கி, இங்கே வந்தவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டார். பிறகு வீடு மாறும்போது கசெட்டைத் தொலைத்தும் விட்டார். ஆக, வதனியின் பாட்டு உலகத்தில் இருந்த ஒரே இடம் அந்தச் சீடி.

அந்தக் கலைவிழாவுக்கு நானும் போயிருந்தேன். முதன்முதல் அவவைக் கண்டது அங்கேதான். பாட்டின் நடுவிலேயே மண்டபம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. அதை இந்தத் தொடரின் தொடக்கத்திலேயே விரிவாக எழுதியிருக்கிறேன். வாசித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

பிறகு சண்டை திரும்பி வந்தது. ஒருநாள் கந்தோரில் ஒரு கதை அடிபட்டது. பாலையூற்றில் யாரோ வீட்டில் ஆமிக்காரர் ஒரு சீடியைக் கண்டு, ஆளையும் கூட்டிக்கொண்டு போய் மூன்று மணித்தியாலம் விசாரித்தார்களாம். கடைசியில் போட்டுப் பார்த்தால் அது ஒரு பிள்ளை பெரியபிள்ளையான சாமத்திய வீட்டு வீடியோவாம். மூன்று மணித்தியாலமும் முழு வீடியோவையும் பார்த்துத்தான் விட்டார்களாம்.

மற்றவர்கள் சிரித்தார்கள். நான் அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

கையால் பெயர் எழுதிய சீடி என்றால்தானே கேள்வி வரும்? முகம் வழித்தபின் பூசுகிற லோஷனைப் பஞ்சில் நனைத்து ஒவ்வொரு பெயராக அழித்தேன். 'வதனி' கைக்கு வந்தபோது கொஞ்சம் யோசித்தேன். வதனி யார், எந்த வதனி, ஏன் அவவின் பெயரில் சீடி என்று கேட்டால்? 'என்ர மனிசி' என்று சொன்னால் நம்புவார்களா? மனிசியின் பெயரில் எவன் சீடி வைத்திருப்பான்? அழித்தேன்.

அத்தோடு விட்டேனா? எண்பத்து மூன்றையும் பொலித்தீனில் சுற்றி, சதுரமான பெரிய பிஸ்கற் தகரத்தில் போட்டு, குசினிக்குப் பின்னால் புதைத்தேன். ஊரில் சனம் நகையைப் புதைத்தது. நான் நாதஸ்வரத்தைப் புதைத்தேன். வதனி பள்ளிக்கூடத்தால் வந்து கேட்டபோது, "பத்திரமா வைச்சிருக்கிறன்" என்றேன். அது பொய்யில்லை.

நாலாம் நாள் சுற்றிவளைப்பு. எங்கள் வீட்டுக்கு வந்த அதிகாரி அலுமாரியைத் திறக்கவில்லை. கட்டிலுக்குக் கீழே பார்க்கவில்லை. நேரே வந்து றாக்கைக்கு முன்னால் நின்றார். வெறும் றாக்கை. சீடி நின்ற இடமெல்லாம் தூசி படியாமல் கோடு கோடாகத் துலங்கிக்கொண்டிருந்தது.

"இது சீடி வைக்கிறது. சீடி எங்க?"

"இனித்தான் வாங்கவேணும், சேர்."

"முதல்ல றாக்கை, பிறகு சீடியா?"

"ஓம், சேர்."

என்னை ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிட்டுக் கொப்பியில் ஏதோ எழுதினார். அந்தக் கொப்பி எங்காவது இன்னும் இருந்தால், இல்லாத சீடிக்கு றாக்கை செய்வித்த மனிதன் ஒருவன் அதில் இருப்பான்.

கண்டியில் கேட்ட வரம்

வதனியின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. கண்டியில் ஒப்பரேஷன் என்று முடிவாயிற்று. கட்டிக்குப் பக்கத்தில்தான் குரலுக்குரிய நரம்பு ஓடுகிறது, கவனமாகத்தான் செய்வோம், ஆனால் குரல் எப்படி வரும் என்று இப்போது சொல்ல ஏலாது என்றார் டொக்டர்.

உள்ளே கொண்டுபோக முதல் வதனி என் கையைப் பிடித்தா. உயில் ஏதும் சொல்லப்போகிறாவோ என்று நினைத்தேன்.

"இஞ்சருங்கோ. நான் வீட்டை வந்த உடனை அந்தச் சீடியைப் போட்டுவிடவேணும். குரல் வராட்டி, எப்பிடி இருந்ததெண்டாவது ஒருக்கால் கேக்கவேணும்."

"ஓமோம். அது பத்திரமா இருக்கு," என்றேன்.

எவ்வளவு பத்திரமாக இருக்கிறது என்பது எனக்குத்தான் தெரியும். ஒன்றரை அடி ஆழத்தில், பெயரில்லாமல், ஒரு மாரிமழையும் கண்டு கிடந்தது.

ஒப்பரேஷன் சரியாக முடிந்தது. கட்டி போய்விட்டது, பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. பேச்சு மெல்ல மெல்லத் திரும்பலாம், பாட்டை மறந்துவிடுங்கள் என்றார் டொக்டர். வதனி தலையை ஆட்டினா. பிறகு என்னைப் பார்த்து, விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினா. சீடி.

கண்டியில் இருக்கிற அவவின் தங்கச்சி சாந்தியின் வீட்டில் இரண்டு கிழமை ஓய்வு. எனக்கு லீவு முடிந்தது. திரும்பி வந்தேன்.

மூன்று வாழை

புதைத்தவனுக்குப் புதைத்த இடம் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்தது 'குசினிக்குப் பின்னால்' என்பது மட்டும்தான். பதற்றத்தில் செய்த வேலைக்கு அடையாளம் வைக்கிற பழக்கம் எனக்கில்லை.

அந்த நாட்களில் வளவுக்குள் மண்வெட்டியோடு நிற்பதே ஒரு வாக்குமூலம். முதல் கிடங்கு முழங்கால் ஆழம் போனபோது வேலிக்கு மேலால் ஒரு தலை தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பரமு அண்ணை. ஓய்வுபெற்ற தபாலதிபர். ஊரில் யாருக்கு எங்கேயிருந்து கடிதம் வந்தது என்பதை ஓய்வுபெற்ற பிறகும் அறிந்து வைத்திருப்பவர்.

"என்ன தம்பி, கிடங்கு?"

"வாழை வைக்கப்போறன், அண்ணை."

"குட்டி எங்கை?"

குட்டி இல்லை. அவரே தன் வளவிலிருந்து ஒன்றைக் கிளப்பித் தந்தார். நின்று பார்த்துக்கொண்டும் நின்றார். வேறு வழியில்லை, நட்டேன். அடுத்த நாள் இரண்டாவது கிடங்கு. மறுபடியும் தலை. இரண்டாவது குட்டி. மூன்றாவது கிடங்கில் மண்வெட்டி 'டங்' என்றது. பரமு அண்ணை அப்போதுதான் குட்டியோடு வந்துகொண்டிருந்தார். தகரத்தைக் கிளப்பிச் சாக்கால் மூடிவிட்டு அந்தக் குட்டியையும் நட்டேன்.

"திடீரெண்டு உனக்கு என்னடாப்பா வாழையிலை இவ்வளவு பிரியம்?"

"வதனிக்கு ஒப்பரேஷன் எல்லே அண்ணை. வாழைப்பழம் நல்லதாம்."

"இது காய்க்க ஒரு வருசம் செல்லும்."

"அவவும் மெல்ல ஆறுதலாத்தான் வருவா," என்றேன்.

கருவாடும் ஐஸ் பெட்டியும்

தகரத்துக்குள் தண்ணீர் போயிருந்தது. சீடியெல்லாம் மண்ணும் ஈரமுமாக, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அள்ளிக்கொண்டு ஓடியது நஸீரிடம்.

நஸீர் புல்மோட்டைக்காரன். எங்கள் கந்தோரில் கொஞ்சக் காலம் வேலை செய்துவிட்டு ரவுன் கடைத்தெருவில் கம்ப்யூட்டர் திருத்துகிற கடை போட்டிருந்தான். தகரத்துக்குள் எட்டிப் பார்த்தான்.

"மச்சான், சீடியை அவிச்சியா?"

விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். ஊசி குத்தியதுபோல இரண்டு மூன்று இடத்தில் வெளிச்சம் வந்தது.

"இதுக்குள்ள இரிக்கிற வெள்ளித் தகடு உப்புக் காத்துக்கும் ஈரத்துக்கும் போகத் தொடங்கிட்டு. இதைப் பிளேயர்ல போட்டுச் சும்மா கேட்டுக்கிட்டு இரிக்காத. எத்தின தரம் படிக்கும் எண்டு சொல்ல ஏலாது. முதல்ல கம்ப்யூட்டருக்குள்ள எடு."

"எம்பித்ரீயா எடுக்கட்டோ?"

நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னதுபோலப் பார்த்தான்.

"எம்பித்ரீ எண்டா கருவாடு, மச்சான். இடம் மிச்சம், கன நாள் இரிக்கும், சாப்பிடலாம். ஆனா பிறகு அதை மீனாக்க ஏலுமா? இப்ப ஐஸ் பெட்டிக்குள்ள முழு மீனை வைக்கிறதுக்கு வழி இரிக்கி. செதில்கூட விழாது. வதனி அக்காட குரலை நீ கருவாடாக்கப் போறியா?"

ஒரு மென்பொருளைத் தந்தான். சாதாரணமாகக் கம்ப்யூட்டர் சீடியில் ஓரிடம் தெரியாவிட்டால் அக்கம்பக்கம் பார்த்து ஒரு குத்துமதிப்பில் நிரப்பிவிட்டுப் போய்விடுமாம். இது அப்படியில்லை. ஒவ்வொரு இடத்தையும் இரண்டு தரம் படிக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் நம்பும். இல்லாவிட்டால் திரும்பத் திரும்பப் படித்து, அப்போதும் சரிவராவிட்டால் சிவப்புக் கோடு போட்டு உண்மையைச் சொல்லும். எனக்கு நேர் எதிரான குணம்.

"முதல்ல நல்ல தண்ணில கழுவு. துணியால தேய்க்காத, மண் கீறிப்போடும். காத்துல காய விடு," என்றான்.

காத்துல காய விடு. அந்த மூன்று சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் கொடி கட்டினேன்.

காகம்

இனிப் படலைக்கு வரலாம். இரண்டு பேரையும் வெயிலில் நிறுத்திவிட்டு வந்தேன்.

"காகமா?" என்றார் மூத்தவர்.

"ஓம், சேர். மின்னினால் காகம் வராது. வாழைக்குட்டி வைச்சிருக்கிறன்."

இதற்கிடையில் பரமு அண்ணை வேலியடிக்கு வந்துவிட்டார். நல்ல மனிதர். என்ன ஏது என்று தெரியாமலே எனக்காகச் சாட்சி சொன்னார். "ஓம் மாத்தயா, இந்தப் பக்கம் சரியான காகக் கரைச்சல். மூண்டு வாழை. நான்தான் குட்டி குடுத்தனான்."

அந்த நேரம் பார்த்து ஒரு காகம் வந்து கொடியில் குந்தியது. இரண்டு சீடிகளுக்கு நடுவில். ஒன்றுக்குள் குனிந்து தன்னைப் பார்த்தது. பிடித்திருந்தது போல. தலையைச் சரித்து இன்னொருதரம் பார்த்தது.

நாலு பேரும் காகத்தைப் பார்த்தோம்.

இளையவர் உள்ளே வந்தார். ஒரு சீடியை நூலோடு பிடித்துச் சூரியனுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். நஸீர் பார்த்த அதே பார்வை. சிங்களத்தில் நீளமாக ஏதோ சொன்னார்.

மூத்தவர் மொழிபெயர்த்தார். "இவர் நேவிக்கு வர முந்தி ஊர்ல சீடி கடையில வேலை. சொல்லுது, துடைக்கும்போது வட்டமா துடைக்க வேணாமாம். நடுவில இருந்து வெளிய, நேரா. வட்டமா தேய்ச்சா கெட்டுப் போகும்."

"நன்றி, சேர்," என்றேன். குரல் வதனியுடையதுபோல வெறும் காற்றாக வந்தது.

"இப்ப எல்லாம் கழட்டி உள்ள வைங்க. காகம் வந்தா கல்லால எறிங்க."

போய்விட்டார்கள். காகத்துக்கு நான் கல்லெறியவில்லை. அதற்கும் எனக்கும் அன்றைக்கு ஒரே அளவு புத்திதான்.

மூன்று சத்தம்

வதனியின் சீடியில் இருந்தது ஒரே ஒரு பாட்டு. அதனால் பெயரில்லாவிட்டாலும் கண்டுபிடித்துவிடலாம். ஒவ்வொன்றாகப் போட்டு எத்தனை பாட்டு என்று பார்த்துக்கொண்டு வந்தேன். பன்னிரண்டு, பத்து, பதினாறு. சில சீடிகளில் ஒன்றுமே தெரியவில்லை. அவற்றை எடுத்து வைக்கும்போதெல்லாம் இதுவாக இருக்குமோ என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அறுபத்தோராவது சீடியில் திரையில் 'ஒன்று' என்று வந்தது.

மென்பொருள் இரண்டு தரம் படித்தது. ஆறு நிமிடப் பாட்டு. ஒரு சிவப்புக் கோடும் இல்லை. கேட்டேன். இருபது வயது வதனி. சுருதிப்பெட்டிக்குப் பின்னால் மண்டபத்து மின்விசிறிச் சத்தம்கூடக் கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

நாலாவது நிமிடத்தில் வந்தது. வதனி ஒரு இடத்தில் உச்சத்துக்குப் போய் நிறுத்துகிறா. அந்த அமைதிக்குள்:

டப். டப். ட.

பளிங்குபோன்ற அந்தப் பாட்டில் ஒரு கறை! திரும்பப் போட்டேன். டப், டப், ட. நஸீரைக் கூப்பிட்டேன். ரெலிபோனில் அந்த இடத்தைக் கேட்கவைத்தேன்.

"மென்பொருள் என்ன சொல்லுது?"

"பிழை இல்லையாம்."

"அப்ப பிழை இல்ல."

"எனக்குக் காது இருக்கு, நஸீர்!"

"கீறல் எண்டா சீடி சுத்தச் சுத்த டிக்டிக்டிக் எண்டு செக்கனுக்கு நாலஞ்சு தரம் அடிக்கும், மச்சான். இது ஆறுதலா மூண்டு தரம். மூண்டாவது அரைகுறை. சீடில இரிக்கிறது அப்பிடித்தான். விடு."

விடலாம். வேறு ஆளாக இருந்தால் விட்டிருப்பான். எனக்கு மட்டும் நடந்தது தெளிவாக விளங்கியது: நான் புதைத்ததால் வந்த காயம் இது. மனிசி கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் ஊனமாக்கிக் கொடுக்கப்போகிறேன். எடுத்த பதிவைக் 'குறையானது' என்று கம்ப்யூட்டரிலிருந்து அழித்தேன். அழித்தே விட்டேன். பிறகு சீடியைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போனேன்.

பற்பசை கீறலை நிரப்பும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன். விரலில் எடுத்து நன்றாகத் தேய்த்தேன். எப்படித் தேய்த்தேன் என்று கேளுங்கள். வட்டமாக.

கழுவித் திரும்பப் போட்டேன். திரை முழுக்கச் சிவப்பு.

கந்தளாயிலிருந்து வந்த அழைப்பு

அடுத்த நாள் வதனி வருகிறா.

அன்று விடிந்ததும் நஸீர் வந்து பார்த்தான். இந்தமுறை அவன் பகிடி விடவில்லை. அதுதான் எனக்கு மிகவும் பயமாக இருந்தது. பஞ்சில் கொஞ்சம் தண்ணீர் தொட்டு, நடுவிலிருந்து வெளியே, நேராக, பற்பசையின் மிச்சத்தை எடுத்தான். வேகத்தை ஆகக் குறைந்ததில் வைத்தான். ஒரு இடம் சரிவரும்வரை எத்தனை தரமும் படிக்கச் சொல்லி விட்டான்.

"இனி அது படிக்கும். நீ தொடாத. கதிரையில இரி. கையைக் கட்டிக்கிட்டு இரி."

விடிந்ததும் தொடங்கிய வேலை. ஆறு நிமிடப் பாட்டுக்கு மத்தியானம் தாண்டியும் நாலு நிமிடம்தான் முடிந்திருந்தது. சீடி உள்ளே உறுமும், நிற்கும், திரும்ப உறுமும். நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

ரெலிபோன் அடித்தது. சாந்தி.

"அத்தான், கந்தளாய் வந்திட்டம். அக்கா கேக்கிறா, சீடி எடுத்து வைச்சாச்சோ எண்டு."

"ஓமோம், எடுத்துக்கொண்டிருக்கு."

"இஞ்சை செக்கிங். எல்லாரையும் இறக்கிப் போட்டாங்கள். நேரம் செல்லும்."

"செல்லட்டும், செல்லட்டும்," என்றேன். சோதனைச் சாவடி ஒன்றுக்கு நன்றி சொன்ன தமிழன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஐந்தாவது நிமிடம் முடிந்தபோது மின்சாரம் போயிற்று. மேசைக்குக் கீழேயிருந்த பற்றரிப் பெட்டி 'பீப்' என்றது. நல்ல நிலையில் இருந்தால் அது பதினைந்து நிமிடம் தாங்கும். நான் அதற்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தியிருந்து அதைத் தடவிக்கொடுத்தேன். 'பீப்' இடைவெளி குறைந்துகொண்டு வந்தது. எனக்குத் தெரிந்த எல்லாக் கோயிலுக்கும் தேங்காய் நேர்ந்தேன். பெட்டி விடாமல் அலறத் தொடங்கிய நேரத்தில் மின்சாரம் வந்தது. தேங்காய்க் கணக்கை நான் பிறகு மறுபரிசீலனை செய்துகொண்டேன்.

படலை திறந்த சத்தமும், திரையில் 'பிழை இல்லை' என்று வந்ததும் ஒரே நேரம்.

அது சீடி இல்லை

வதனி கழுத்தில் சால்வையைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தா. மெலிந்திருந்தா. தேத்தண்ணி வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுக் கம்ப்யூட்டருக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தா. சாந்தி பைகளோடு வாசலிலேயே நின்றுவிட்டா.

போட்டேன்.

முதல் வரியில் வதனி கண்ணை மூடினா. இரண்டாவது வரியில் உதடு அசைந்தது. சத்தம் இல்லை. கம்ப்யூட்டருக்குள்ளிருந்த வதனி பாட, கதிரையில் இருந்த வதனி வாயசைத்தா. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நாலாவது நிமிடம். உச்சம். அமைதி.

டப். டப். ட.

வதனியின் தோள் குலுங்கத் தொடங்கியது. முகத்தைக் கையால் மூடிக்கொண்டா. எனக்கு மிச்சமிருந்த அறிவும் போயிற்று. அழுகிறாவே! ஒருவரும் கேட்காமலே எல்லாவற்றையும் கொட்டினேன். பெயர் அழித்தது, தகரம், புதைத்த இடம் மறந்தது, மூன்று வாழை, கொடி, கடற்படை, காகம், பற்பசை. "நான்தான் கெடுத்தது, வதனி. எவ்வளவோ பாத்தன். அந்தக் கீறல் மட்டும் போகேல்லை."

கையை எடுத்தா. அழவில்லை. சிரிப்பு. சத்தமே வராத சிரிப்பு. கண்ணால் தண்ணீர் ஓடியது. என்னைக் கிட்ட வரச்சொல்லிக் காதுக்குள் காற்றால் சொன்னா.

"அது சீடி இல்லை. அது நீங்கள்."

"என்ன?"

"நான் மூச்செடுக்க நிப்பாட்டினனான். பாட்டு முடிஞ்சுதாக்கும் எண்டு நீங்கள் எழும்பிக் கை தட்டினீங்கள். தனிய. மண்டபம் முழுக்கத் திரும்பிப் பாத்தது. மூண்டாவது தட்டு பாதியிலை நிண்டிட்டுது."

"மண்டபமே எழும்பிக் கை தட்டினதெல்லே?"

"திரும்பிப் போட்டுக் கேளுங்கோ, எத்தினை பேர் தட்டுறாங்கள் எண்டு."

போட்டேன். ஒரு சோடிக் கை. அதற்குப் பின்னால், நஸீரின் ஐஸ் பெட்டி செதில்கூட விழாமல் காத்து வைத்திருந்த அமைதியில், யாரோ 'க்ளுக்' என்று சிரிப்பதும் கேட்டது.

ஆகவே வாசகர்களே, இந்தத் தொடரின் தொடக்கத்தில் மண்டபம் எழுந்து நின்றதாக நான் எழுதிய பகுதியைத் தயவுசெய்து வெட்டிவிடுங்கள். மற்றப் பகுதிகளையும் கொஞ்சம் பார்த்து வாசியுங்கள். அவற்றுக்குச் சீடி இல்லை.

"உங்களை நான் முதன்முதல் பாத்ததே அதாலைதான்," என்று வதனி காற்றால் சொன்னா. "நல்லகாலம், பற்பசையாலை அழியேல்லை."

பேச்சு பிறகு மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. எனக்குத் தேவையான அளவு வந்து, அதற்கு மேலும் வந்தது. பாட்டு வரவில்லை. வாழை மூன்றில் ஒன்றை ஊருக்குள் உலாவுகிற மான் கடித்துவிட்டது. மற்ற இரண்டும் குலை தள்ளின. முதல் சீப்பு பரமு அண்ணைக்குப் போயிற்று. காகத்துக்கும் அதன் பங்கு கிடைத்தது.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. பதிவைச் சேமிக்க முதல் மென்பொருள் விபரம் கேட்டது. பாடியவர் என்ற இடத்தில் நான் 'வதனி' என்று எழுதினேன், இந்தமுறை அழிக்காமல். அதற்குக் கீழே குறிப்பு எழுத ஒரு கட்டம் வெறுமையாக இருந்தது. வதனி என் கையைத் தட்டி விலக்கிவிட்டு, ஒரு விரலால், எழுத்துத் தேடித் தேடி அமத்தினா. கலியாணம் கட்டிய நாளிலிருந்து என் பெயரை அவ வாயால் சொன்னதில்லை. விரலாலும் சொல்லவில்லை.

பக்கவாத்தியம்: இவர்.